கிழிசல் மேல் கறுப்புக் கோடு

அவரை எல்லாரும் இதோக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். லிஃப்ட் ரிப்பேர் வேலை. எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு போன் செய்தாலும் "இதோ வந்துட்டேன்" என்பார். சொன்னபடி வந்தும் நிற்பார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அதே வார்த்தையை வீட்டில் சொன்னால் அர்த்தமே வேறு. குழாய் ஒழுகுகிறது என்றால் "இதோ". குளியலறை பல்பு போய்விட்டது என்றால் "இதோ". அந்த இதோவை நம்பி அவர் மனைவி ஒரு தடவை இரண்டு மாதம் இருட்டில் குளித்தாள். பேர் வைத்த புண்ணியவதியும் அவள்தான்.

இப்போது அவருக்கு இடது காலில் மாவுக்கட்டு. எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். அவர் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் பதினெட்டு நாளாக ஓடவில்லை. "நம்ம கட்டடம்தானே, இதோ பார்த்துடறேன்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் காலையில் கடைசி நாலு படியை உருண்டு கடந்தார். மறுநாளே கம்பெனியிலிருந்து வேறொரு ஆள் வந்து அரை மணி நேரத்தில் லிஃப்டைச் சரி செய்துவிட்டுப் போனான். இவருக்கு மட்டும் ஆறு வாரம் படுக்கை, நாற்காலி, ஒரு ஊன்றுகோல்.

சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன் சும்மா உட்கார்ந்தால் வீட்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். வெளியூரில் இருந்த மகளுக்கு அம்மாவின் குரலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஒரு பார்சல் அனுப்பினாள். உள்ளே ஆறு குட்டிப் புட்டிகளில் கண்ணாடிப் பெயிண்ட், ஒரு டியூப் கறுப்புப் பசை, பூவும் பறவையுமாகச் சில மாதிரிப் படங்கள், ஒரு விளக்கத் தாள்.

"அப்பா, பெரிய பெரிய மாளிகையில கலர் கண்ணாடி ஜன்னல் இருக்குமே, அது மாதிரி வீட்டுலேயே பண்றது" என்றாள் போனில். "நிஜமா ஈயம் உருக்கிக் கண்ணாடியை வெட்ட வேண்டாம். கறுப்புப் பசையால கோடு போட்டு உள்ளே கலரை விட வேண்டியதுதான். புதுசாக் கத்துக்கறவங்களுக்குத்தான். அம்மா உயிரை எடுக்காம இதைப் பண்ணுங்க."

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று முறுக்கினார் இதோக்காரர். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் டப்பா மூடியில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, கை நன்றாக வந்தது. இருபத்தைந்து வருஷம் ஒயரும் ஸ்க்ரூவும் பிடித்த கை. டியூபை ஒரே அழுத்தமாக அழுத்த வேண்டும், கோடு தானாக விழ வேண்டும், இழுக்கக் கூடாது. கோட்டுக்குக் கோடு எங்கேயும் இடைவெளி இருக்கக் கூடாது, இருந்தால் ஒரு கலர் ஓடி இன்னொன்றில் கலந்துவிடும். நான்கு மூடிகளைப் பாழாக்கினதில் அதெல்லாம் பிடிபட்டது. இனிக் கண்ணாடி வேண்டும். பார்சலில் கண்ணாடி இல்லை. 'பழைய போட்டோ ஃப்ரேமிலிருந்து கண்ணாடியைக் கழற்றிப் பயன்படுத்தலாம்' என்று தாளில் போட்டிருந்தது.

அதைப் படித்ததும் அவர் தாளை மடித்துக் கீழே வைத்தார். வீட்டில் அப்படி ஒரு ஃப்ரேம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேல் வீட்டில் குழாய் வெடித்து, கூடத்துச் சுவரில் தண்ணீர் இறங்கியது. அந்தச் சுவரில்தான் அவர் மாமனாரின் போட்டோ மாட்டியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். மாமனார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முன் கம்பியில் ஐந்து வயசில் அவர் மனைவி, மணியை இரண்டு கையாலும் பிடித்தபடி. எதற்கோ வாய்விட்டுச் சிரித்ததில் மாமனாருக்குக் கண்ணே மூடிவிட்டது. அவளுக்கு ஏழு வயசாகும்போது மாமனார் இறந்துவிட்டார். அவர் சிரித்த வேறு போட்டோ கிடையாது. இன்னொன்று இருக்கிறது, அடையாள அட்டைக்கு எடுத்தது; அதில் போலீஸ் பிடித்துக்கொண்டு வந்த மாதிரி விறைத்திருப்பார்.

தண்ணீர் பட்ட போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. மனைவி பதறிப்போனாள். "நீங்க லிஃப்ட் பார்க்கப் போற கட்டடத்துல ரெண்டாவது மாடியில ஃப்ரேம் கடை இருக்கே, அந்தக் கடைக்காரர்கிட்ட கொடுங்க. நல்லாச் செய்வாராம்." இவரும் நியூஸ் பேப்பரில் சுற்றிக் கருவிப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் அது பையிலேயே போய் வந்தது. எட்டாம் நாள் அவள் "கொடுத்தாச்சா?" என்று கேட்டாள். வேறு ஏதோ நினைப்பில் "இதோ, கொடுத்தாச்சே" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. நாளைக்குக் கொடுத்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும், அவ்வளவுதானே என்று நினைத்தார். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

அப்புறம் ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. "மெதுவா ஊற வைக்கணுமாம்." "அதுக்கு ஏதோ மருந்து வரணுமாம்." "அவருக்கு உடம்பு சரியில்லையாம்." கடைசியில் போன வருஷம், வாய் கூசாமல், "எங்கயோ வச்சுட்டாராம், தேடிட்டு இருக்கார்" என்றார். நானே போய்க் கேட்கிறேன் என்று அவள் கிளம்பியபோது, "அது நான் வேலை பார்க்கிற இடம், அங்க போய்ச் சண்டை போட்டு என் மானத்தை வாங்காதே" என்று தடுத்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். அதன் பிறகு கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதுதான் அவரை அதிகம் குடைந்தது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் கருவிப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், ஒயர்ச் சுருளுக்கு அடியில் அவர் பையிலிருந்து மாற்றி ஒளித்து வைத்த அந்த நியூஸ் பேப்பர் பொட்டலம் இருந்தது.

இப்போது அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் யோசனை தப்பான யோசனை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 'போட்டோதானே முக்கியம்? கண்ணாடி கறை பிடிச்சுப் போச்சு, எப்படியும் புதுசு போடணும். போட்டோவைப் பத்திரமா எடுத்து வச்சிட்டா, கால் சரியானதும் முதல் வேலையா கடைக்காரர்கிட்ட கொடுத்துடலாம்.' குறட்டால் ஆணிகளைப் பிடுங்கினார். பின் அட்டையை எடுத்தார். போட்டோவின் ஒரு மூலையைப் பிடித்து, ஸ்டிக்கர் உரிப்பதுபோல் மெல்ல இழுத்தார்.

முதலில் நன்றாகத்தான் வந்தது. பின் சக்கரம் வந்தது, சின்னப் பெண்ணின் கவுன் வந்தது, மணி வந்தது. அப்புறம் 'சர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம். தாளைத் திருப்பிப் பார்த்தார். மாமனார் நின்ற இடத்தில் மார்புக்கு மேலே வெறும் வெள்ளை. முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் எப்படியும் ஓடாது, அது வேறு விஷயம். "ஐயையோ" என்று வாய்விட்டுச் சொன்னார், யாரும் இல்லாத வீட்டில். "ஐயையோ, என்ன பண்ணிட்டேன்." கண்ணாடியில் மாமனார் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

தாளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, தோளுக்குத் தோள் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. ஆனால் முகத்தைச் சுற்றி வெள்ளையாகக் கிழிசல், கோணல்மாணலாக. அதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தவர் பார்வை மெல்ல அந்தக் கறுப்புப் பசை டியூபின் மேல் போயிற்று.

ஆமாம், நீங்கள் நினைப்பது சரி. கிழிசல் எங்கே போகிறதோ அங்கேயெல்லாம் கண்ணாடியின் மேல் பக்கத்தில் கறுப்புக் கோடு போட்டார். அது மட்டும் தனியாகத் தெரிந்தால் சந்தேகம் வரும் என்று சைக்கிளைச் சுற்றியும், பெண்ணைச் சுற்றியும், பின்னால் இருந்த சுவரிலும் கோடு போட்டார். அது காய ஒரு நாள். பிறகு வானத்துக்கு நீலம், சுவருக்கு மஞ்சள். முகத்தில் மட்டும் ஒரு சொட்டு கலர் விடவில்லை. கவுனுக்குச் சிவப்பு விடலாம் என்று பார்த்தார், சிவப்புப் புட்டி கட்டி தட்டிப் போயிருந்தது. பச்சையை விட்டார். கலரில் எழும்பிய குமிழிகளை ஒவ்வொன்றாகக் குண்டூசியால் உடைத்தார்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அளவுக்கு அறுத்து ஃப்ரேமில் பொருத்துவது. சாயங்காலம் வந்தவள், மேஜையில் துணி போட்டு மூடியிருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன, ரகசியமா?"

"முடிஞ்சதும் காட்டறேன்."

"இதோன்னு சொல்லாம விட்டீங்களே, அதுவே பெரிசு." மறுநாள் கடையிலிருந்து லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணி ஒன்றும், ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டுவந்து கொடுத்தாள். "நுணுக்கமான வேலை, கண்ணைக் கெடுத்துக்காதீங்க" என்றாள். அவர் அதை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

நான்காம் நாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம். பெயிண்ட் காய்ந்துவிட்டது. எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த வசனத்தை அவர் சொன்னார்.

"அந்த ஃப்ரேம் கடைக்காரர் இருக்காரே, போட்டோவைக் கண்டுபிடிச்சு ஆள்கிட்ட கொடுத்தனுப்பிட்டார். ஆனா உரிக்கிறப்போ கிழிச்சுட்டார் போலிருக்கு. உன்கிட்ட எப்படிக் காட்டறதுன்னு... நானே இப்படிச் சரி பண்ணினேன்." துணியை எடுத்தார்.

அவள் கண்ணாடியைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், நாளெல்லாம் லென்ஸைப் பார்க்கிற பார்வை.

"அப்பா" என்றாள். அப்புறம், "நீங்களா பண்ணினீங்க? காலை இப்படி வச்சுக்கிட்டு?"

"ஏதோ..."

"என் கவுன் பச்சையா?" என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். "ஆமா. பச்சைதான். எனக்கு மறந்தே போச்சு பாருங்க. அப்பாதான் வாங்கிட்டு வந்தார், பச்சை கவுன். இப்ப ஞாபகம் வருது."

இதோக்காரர் சிவப்புப் புட்டியைப் பார்த்தார். சிவப்புப் புட்டி மட்டும் கட்டி தட்டாமல் இருந்திருந்தால் இவளுக்குச் சிவப்பு கவுன் ஞாபகம் வந்திருக்கும். பாவி, செத்துப்போன மனுஷன் வாங்காத கவுனை இவள் தலையில் ஏற்றிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டார். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. இத்தோடு முடிந்தது, தப்பித்தோம் என்று அவருக்குள் இருந்த கோழை சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் மாறியது. "கிழிச்சதும் இல்லாம, ஆள்கிட்ட கொடுத்தனுப்பறாரா? நேர்ல வந்து சொல்ல வாய் இல்லையா? நல்லாத்தான் பண்ணினேன் அவருக்கு."

"என்ன பண்ணினே?"

"நீங்கதானே சண்டை போடாதேன்னீங்க. நான் சண்டையே போடலை. போன வாரம் மூக்குக்கண்ணாடி உடைஞ்சு போச்சுன்னு எங்க கடைக்கு வந்தார், ஃப்ரேம் கடை விலாசம் சொன்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. மறுநாளே செஞ்சு முடிச்சுட்டேன், என் டிராயர்லதான் இருக்கு. 'லென்ஸ் வரலை, நாளைக்கு வாங்க'ன்னு தினமும் திருப்பி அனுப்பறேன். ஒன்பது நாளாச்சு. சுவரைத் தடவித் தடவித்தான் படி ஏறி வர்றார். எங்க அப்பாவை எத்தனை நாள் இழுத்தடிச்சார்? இன்னும் ஒரு வாரம் அலையட்டும்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வரட்டுங்களா?"

அவள் வாசல் கதவைத் திறந்தாள். ஒரு தப்பும் செய்யாத மனுஷன் சுவரைத் தடவிக்கொண்டு படியேறுவது அவர் கண் முன்னால் வந்தது.

"ஏம்மா, நில்லு." குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அவர் கிழிக்கலை. நான்தான் கிழிச்சேன். அவர்கிட்ட அது போகவே இல்லை."

அவள் திரும்பினாள். "எது போகலை?"

"போட்டோ. மூணு வருஷமா என் பெட்டியிலதான் இருந்துச்சு. கொடுத்தாச்சுன்னு சொன்னது பொய். மருந்து வரணும்னது பொய். தொலைச்சுட்டார்னது பொய். அவர் அதைக் கண்ணாலகூடப் பார்த்ததில்லை. கவுன் கலர்கூட... சிவப்பு கெட்டுப்போச்சு, அதனால பச்சை விட்டேன்." எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. ஊன்றுகோலைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "திட்டு. என்ன வேணா சொல்லு. நான் வாங்கிக்கறேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திறந்த கதவை இன்னும் அகலமாகத் தள்ளினாள்.

"அந்தாளு கண்ணு தெரியாம உட்கார்ந்திருக்கார்" என்றாள். "எழுந்திரிங்க. எங்க அப்பாவைப் பத்தி அப்புறம் பேசலாம்."

டாக்சியில் ஏறினார்கள். கண்ணாடிப் படம் துணி சுற்றி அவர் மடியில். மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, அவள் மட்டும் உள்ளே போய் டிராயரிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஃப்ரேம் கடை இருந்த கட்டடத்தில் இவர் பராமரிக்கிற லிஃப்ட் ஒரு சத்தமும் இல்லாமல், அசங்காமல் ஏறியது. "இங்கேல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்றாள் அவள், கதவைப் பார்த்துக்கொண்டே.

ஃப்ரேம் கடைக்காரர் வேலை மேஜைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நாலைந்து வேலைகள் பாதியில் கிடந்தன. 'ஐயா' என்று கூப்பிட்ட அவள் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்து எழுந்தார்.

"கண்ணாடிக் கடை மேடம்தானே? லென்ஸ் வந்துடுச்சா? அடடா, நீங்களே கொண்டு வந்தீங்களா!"

"லென்ஸ் எப்பவோ வந்துடுச்சு ஐயா" என்றாள் அவள். "வேணும்னுதான் உங்களை அலைய விட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. ஏன்னு இவர் சொல்வார்."

இதோக்காரர் சொன்னார். வீட்டில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. மூன்று வருஷமாக லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் இந்த மனுஷன் சிரித்தபடி "சௌக்கியமா சார்?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் கேட்டுவிட்டு, அவள் நீட்டிய பெட்டியைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினார்.

"ஒன்பது நாள் வேலை நின்னு போச்சு" என்றார் மெதுவாக. "கண்ணு சரியாத் தெரியாம கண்ணாடி வெட்டினா விரல் போயிடும், அதான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சரி, கொடுங்க பார்க்கலாம்."

படத்தை விளக்குக்கடியில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். கண்ணாடியில் ஒட்டியிருந்த முகத்தருகே விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"ஒட்டிக்கிட்டதை யாரும் உரிக்கக் கூடாது சார். நானும் உரிச்சிருக்க மாட்டேன். கண்ணாடியோட அப்படியே வச்சு மேல இருந்து ஒரு படம் எடுத்திருப்பேன். கறையைச் சுத்தம் பண்ணிப் புதுப் பிரிண்ட். பத்து நிமிஷ வேலை. நீங்க லிஃப்டுக்கு எண்ணெய் விட்டுட்டு வர்றதுக்குள்ள கையில கொடுத்திருப்பேன்."

பத்து நிமிஷம். இதோக்காரர் தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. அவள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது அவர் எதிரே அழுதிருந்தால் இந்தச் சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்டிருக்காது.

கடைக்காரர் அவள் அழுது முடியும்வரை காத்திருந்தார். "இப்பவும் ஒரு படம் எடுக்கலாம்மா" என்றார். "கோடும் கலரும் மேல் பக்கம்தான் இருக்கு, முகம் உள் பக்கம். கோட்டைச் சுரண்டி எடுத்துடலாம். ஆனா எடுத்தா கிழிசல் தெரியும். இப்படியே விட்டா பார்க்க அழகாத்தான் இருக்கு, கைவேலை நல்லா இருக்கு. எது வேணும்?"

"எடுத்துடுங்க" என்றாள் அவள். "கிழிஞ்சது தெரியட்டும். பச்சையையும் எடுத்துடுங்க."

"சரிம்மா. நாளைக்கு..."

"நாளைக்கு வேண்டாம். உங்க வேலையே ஒன்பது நாள் கிடக்கு. இவர் எடுப்பார். இங்கேயே உட்கார்ந்து எடுக்கட்டும்."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கடைக்காரர் ஒரு பிளேடை நீட்டினார். இதோக்காரருக்கு வாய் வரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, பிளேடை வாங்கிக்கொண்டு, மாமனாரின் முகத்தைச் சுற்றிப் போட்ட முதல் கோட்டிலிருந்து சுரண்ட ஆரம்பித்தார்.